ஹூண்டாய் மோட்டார் வண்டியும் உரிமையாளர் மதிப்பீடும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்கச் சந்தைக்குத் தென்கொரிய மோட்டார் வண்டியொன்று வந்து சேர்ந்தது. எக்செல் என்பது அதன் பெயர். 4,995 டொலர் அதன் விலை. அவ்வாண்டில் மாத்திரம் ஏறக்குறைய 168,000 எக்செல் வண்டிகள் அங்கு விற்பனையாயின. ஆயின் சில ஆண்டுகளுக்குள்ளேயே அதே வண்டி தொலைக்காட்சி நகைச்சுவையாளர்களின் கேலிப்பொருளாகிவிட்டது. தாங்கியிற் பெற்றோலை நிரப்பினால் ஹூண்டாயின் பெறுமதி இருமடங்காகும் என்பது அக்காலத்து நையாண்டிகளுள் ஒன்று. (இதே நையாண்டி பிரித்தானியாவில் செக்கோசிலோவாக்கியாவின் ஸ்கோடா வண்டியைப் பற்றியும் வழங்கிற்று. மலிவான பண்டங்களைச் செய்யும் நாடுகளை எள்ளுவதற்குச் செல்வந்த நாடுகள் புதிய நையாண்டிகளைத் தேடிக்கொள்வதில்லை போலும்.) 1998இல் அந்நாட்டில் ஹூண்டாயின் ஆண்டு விற்பனை 90,000 அளவிற்கு வீழ்ந்தது. அதன் பின்னர், 2004இல், ஜே. டி. பவர் நிறுவனம் புதிய வண்டிகளின் உரிமையாளரிடம் நடத்திய தர மதிப்பீட்டில் ஹூண்டாய் டொயோட்டாவை முந்தியது. நூறு வண்டிகளுக்கு எத்தனை குறைகள் என்ற கணக்கில் ஹூண்டாய் 102, டொயோட்டா 104. 1998இல் ஹூண்டாயின் தொகை 272 ஆக இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

வணிக முகாமைத்துவ நூல்கள் இம்மாற்றத்தினை ஒரு தலைவரின் மனவுறுதியினது வெற்றியாகவும், பத்தாண்டு உத்தரவாதம் என்னும் விற்பனை உத்தியின் விளைவாகவும் காட்டுவது வழக்கம். இவ்விளக்கம் முற்றாகப் பொய்யன்று, ஆயின் அரைகுறையானது. உரிமையாளரின் மதிப்பீடு என்பது யாது, எக்கணத்தில் எடுக்கப்படுவது, எதனை அளக்கின்றது, எதனை அளக்காது விடுகின்றது என்னும் வினாக்களை அது எழுப்புவதில்லை. அரசு, மூலதனம், உழைப்பு ஆகியவற்றின் உறவுகளினின்றும் பிரித்தெடுத்துத் தரத்தை மட்டும் தனியே நோக்குதல் வரலாற்று நோக்காகாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

ஹூண்டாயின் தாபகரான சுங் ஜு யுங் 1915இல், இன்று வடகொரியாவின் பகுதியாகவுள்ள தொங்சோன் மாவட்டத்தில், வறிய விவசாயக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தை பசு விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டைவிட்டு ஓடிய கதை கொரியாவிற் சிறுவரும் அறிந்த ஒன்று. (1998இல், முதிய வயதில், 500 மாடுகளை ஓட்டிக்கொண்டு பன்முன்ஜொம் எல்லையைக் கடந்து வடக்கே சென்றபோது அக்கடனையே தீர்ப்பதாக அவர் கூறிக்கொண்டார்.) சியோலில் அவர் நடத்திய அரிசிக்கடை 1939இல் யப்பானிய ஆட்சியினர் அரிசிப் பங்கீட்டைப் புகுத்தியதோடு மூடப்பட்டது. பின்பு மோட்டார் திருத்தகம் ஒன்றினையும், 1947இல் கட்டட ஒப்பந்த நிறுவனம் ஒன்றினையும் தொடங்கினார். 'ஹூண்டாய்' என்னும் சொல்லுக்கு 'நவீனம்' என்பது பொருள். கொரியப் போரின்போது அமெரிக்க இராணுவத்தின் கட்டட வேலைகளே அந்நிறுவனத்தின் முதற் பெருஞ் செல்வத்தை ஈட்டித் தந்தன. 1961இல் இராணுவச் சதி மூலம் ஆட்சியைக் கைப்பற்றிய பார்க் சுங் ஹீயின் அரசு வங்கிகளைத் தன் கையில் வைத்திருந்து, தான் குறித்த துறைகளில் தான் தெரிந்தெடுத்த முதலாளிகளுக்கு மலிந்த கடன் வழங்கியது. 1970 ஜூலையிற் திறக்கப்பட்ட 428 கிலோமீற்றர் நீளமான சியோல்–பூசான் நெடுஞ்சாலையின் பெரும் பகுதியொன்றினை ஹூண்டாய் அமைத்தது. அந்நெடுஞ்சாலைப் பணியில் இறந்தோர் தொகை 77 என அங்குள்ள நினைவுத்தூண் கூறுகின்றது.

ஹூண்டாய் மோட்டார்க் கம்பனி 1967 டிசம்பரில் நிறுவப்பட்டது. தென்கிழக்குக் கரையிலுள்ள உல்சான் நகரில் போர்ட் நிறுவனத்தின் கோர்ட்டினா வண்டியை உதிரிப்பாகங்களாகப் பெற்றுப் பொருத்தும் தொழிற்சாலை 1968இல் இயங்கத் தொடங்கிற்று. உரிமையாளர் அதிருப்தியின் வரலாறும் இவ்விடத்தேதான் ஆரம்பமாகின்றது. கோர்ட்டினா, தார் வீதிகளுக்கென வடிவமைக்கப்பட்டது. கொரியாவின் வீதிகளோ பெரும்பாலும் செப்பனிடப்படாத மண் வீதிகள். வண்டிகளை வாங்கியோரிற் பெரும்பாலார் வாடகைக் கார் நடத்துவோர். வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். அவர்களிடமிருந்து முறைப்பாடுகள் குவிந்தன. வீதிகளே காரணம் என்றது போர்ட். வீதிகளின் நிலை தெரிந்தபின்னும் அவ்வண்டி ஏன் அங்கு விற்கப்பட்டது என்னும் வினாவுக்கு அப்பதிலில் இடமில்லை.

போர்டுடனான கூட்டு முயற்சிப் பேச்சுவார்த்தை 1973இல் முறிந்தது. கொரியத் தொழிற்சாலை தனது உலக உற்பத்தி வலையில் ஒரு கண்ணியாக இருப்பதையே போர்ட் விரும்பியது. தனக்கென ஒரு வண்டியையும் ஏற்றுமதி உரிமையையும் ஹூண்டாய் வேண்டியது. அவ்வாண்டே பார்க் அரசு கனரகக் கைத்தொழில், இரசாயனக் கைத்தொழிற் கொள்கையை அறிவித்தது. 1974இல் உள்நாட்டிலேயே வடிவம் பெற்ற சிறு காரினை உற்பத்தி செய்யுமாறு கம்பனிகள் பணிக்கப்பட்டன. இதன் விளைவே 1976 தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த 'போனி'. அதன் உடலை வரைந்தவர் இத்தாலியரான ஜோர்ஜெட்டோ ஜுஜாரோ. இயந்திரம் யப்பானிய மிற்சுபிசியினுடையது. உற்பத்தியை ஒழுங்கு செய்தவர் பிரித்தானிய லேலண்டிலிருந்து விலகிவந்த ஜோர்ஜ் டேர்ன்புல். இதனைத் 'தேசிய வண்டி' என்றது நகைப்புக்குரியதெனச் சிலர் கருதலாம். ஆனால் துரின் நகருக்கு அனுப்பப்பட்ட இளங் கொரியப் பொறியியலாளர் பகலிற் கண்டவற்றை இரவில் ஒருங்கிருந்து குறிப்பேடுகளில் எழுதிவைத்தனர் என்ற செய்தியையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். தொழில்நுட்பத்தை விலைக்கு வாங்குவது வேறு, கற்பது வேறு. ஹூண்டாய் இரண்டையும் செய்தது. 1991இல் தனது சொந்த இயந்திரத்தையே அது வெளியிட முடிந்தமைக்கு இதுவே காரணமாகும்.

இவ்வளர்ச்சிக்கான விலையைச் செலுத்தியோர் இரு சாரார். ஒரு சாரார் உள்நாட்டு உரிமையாளர். 1980களின் பிற்பகுதிவரை அந்நியக் கார்களின் இறக்குமதி தடுக்கப்பட்டிருந்தமையால் அவர்களுக்கு வேறு தெரிவு இருக்கவில்லை. காப்புப் பெற்ற அச்சந்தையில் அவர்கள் கொடுத்த உயர்ந்த விலையே ஏற்றுமதி வண்டிகளின் தாழ்ந்த விலையைத் தாங்கி நின்றது. மறு சாரார் தொழிலாளர். 1971 டிசம்பரில் இயற்றப்பட்ட தேசிய பாதுகாப்பு விசேட சட்டம் கூட்டுப் பேரம் பேசும் உரிமையையும் கூட்டு நடவடிக்கை உரிமையையும் கட்டுப்படுத்திற்று. உல்சானின் ஹூண்டாய் தொழிற்சாலைகளில் தொழிலாளரின் தலைமயிரின் நீளங்கூட நிருவாகத்தினால் விதிக்கப்பட்டது.

எக்செல் வண்டியின் குறைகள் இப்பின்னணியிலிருந்தே தோன்றின. அமெரிக்காவின் அழுத்தத்தினால் யப்பான் தனது கார்களின் ஏற்றுமதியை 1981 முதல் மட்டுப்படுத்தியிருந்தமையால் மலிவு விலைச் சந்தையில் ஒரு வெற்றிடம் ஏற்பட்டிருந்தது. கனடாவில் 1984 முதல் போனி பெற்ற எதிர்பாராத வரவேற்பு நிறுவனத்துக்குத் துணிவு தந்தது. தொகை முதன்மை பெற்றது. தரம் பின்னே தள்ளப்பட்டது. துருவேறும் தகடுகள், விரைவிற் பழுதுறும் பாகங்கள், திருத்துவதற்குப் போதிய முகவரின்மை என்பன பற்றி உரிமையாளர் முறையிட்டனர். அவர்களிற் பலர் முதன்முறையாகப் புதிய காரொன்றை வாங்கியோர். பழைய காரையன்றிப் பிறிதொன்றை வாங்கும் வசதியற்றிருந்தோர். நகைச்சுவையாளரின் கேலி வண்டியைச் சாடிற்று என்பது ஒரு பகுதியுண்மை. அதனை ஓட்டியோரின் ஏழ்மையையும் அது சாடிற்று என்பதே மறுபகுதி.

1987 ஜூலை முதல் செப்டெம்பர் வரை தென்கொரியா முழுவதும் பரவிய தொழிலாளர் பேரெழுச்சியில் உல்சான் முன்னணியில் நின்றது. முதலில் ஹூண்டாய் எஞ்சின் தொழிலாளரும், அம்மாதத்திலேயே மோட்டார்க் கம்பனித் தொழிலாளரும் சங்கம் அமைத்தனர். ஆகஸ்டில் ஆயிரமாயிரம் தொழிலாளர் பாரந்தூக்கிகளையும் பெரு லொறிகளையும் முன்னே ஓட்டிக்கொண்டு நகர வீதிகளில் அணிவகுத்தனர். கோரிக்கைகளுள் ஊதிய உயர்வும் இருந்தது. தலைமயிரைத் தம் விருப்பப்படி வைத்துக்கொள்ளும் உரிமையும் இருந்தது. பின்னையதைச் சிறிய விடயமெனக் கொள்ளலாகாது. மனிதராக மதிக்கப்படுதல் என்னும் பொருளே அதில் அடங்கியிருந்தது. தொடர்ந்த ஆண்டுகளில் ஊதியம் உயர்ந்தது. நிருவாகம் இருவழிகளில் இதனை எதிர்கொண்டது: ஒன்று இயந்திரமயப்படுத்தல், மற்றையது தொழிற்சாலையின் உள்ளேயே உபஒப்பந்தக்காரர் மூலம் ஆள் அமர்த்தல்.

1997இன் ஆசிய நிதி நெருக்கடி இக்கதையின் திருப்புமுனை. சர்வதேச நாணய நிதியத்தின் கடனுதவியோடு ஆட்குறைப்பை எளிதாக்கும் சட்டத் திருத்தமும் வந்தது. 1998 கோடையில் ஹூண்டாய் மோட்டார் பெருந்தொகையான ஆட்குறைப்பை அறிவிக்க, தொழிலாளர் உல்சான் தொழிற்சாலையைக் கைப்பற்றி ஐந்து வாரமளவு போராடினர். ஆகஸ்டில் ஏற்பட்ட இணக்கத்தின்படி ஏறக்குறைய 277 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் தொழிற்சாலைச் சாப்பாட்டுச் சாலையிற் பணிபுரிந்த பெண்கள். போராட்ட நாட்களில் வேலைநிறுத்தக்காரருக்குச் சமைத்துப் போட்டவர்களும் அவர்களே. ஆண்களின் வேலையைக் காப்பதற்கு அப்பெண்களைக் கைவிட்ட அவ்விணக்கம் கொரியத் தொழிற்சங்க வரலாற்றில் ஆறாத வடு. முற்போக்காளர் இதனை நிருவாகத்தின் சூழ்ச்சி என்று மட்டுங் கூறி அமைதல் தகாது. சங்கமும் அதில் ஒப்பமிட்டது.

அதே ஆண்டின் பிற்பகுதியிலேயே அமெரிக்காவில் புகழ்பெற்ற அந்த உத்தரவாதம் அறிவிக்கப்பட்டது. இயந்திரத்துக்கும் விசை கடத்தும் பாகங்களுக்கும் பத்தாண்டுகள் அல்லது 100,000 மைல்கள். இரு நிகழ்ச்சிகளையும் ஒருசேர வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது: அமெரிக்கக் கொள்வனவாளருக்குப் பத்தாண்டு உறுதி வழங்கப்பட்ட அதே ஆண்டில், வண்டியைச் செய்தோர் தமது வேலையின் உறுதியை இழந்தனர். உத்தரவாதத்தின் நிபந்தனையொன்றும் கவனத்துக்குரியது. முழுப் பத்தாண்டு நலனும் முதல் உரிமையாளருக்கே உரியது. வண்டி கைமாறியபின் இரண்டாம் உரிமையாளருக்கு ஐந்தாண்டு, 60,000 மைல் என்ற எல்லையே மிஞ்சும். பழைய வண்டியை வாங்குபவர் யார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எனினும் தரம் உயர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1999இல் தலைமைப் பொறுப்பேற்ற சுங் மொங் கூ தரக் கட்டுப்பாட்டுக்கெனத் தனிப் பிரிவை வலுப்படுத்தினார். பத்தாண்டு உத்தரவாதம் கொடுத்தபின் பழுதுக்கான செலவு நிறுவனத்தின் மீதே விழுமாகையால், குறையைத் தொழிற்சாலையிலேயே களைவது இலாபகரமாயிற்று. 2004இன் மதிப்பீட்டு முடிவு இதன் அறுவடை. ஆயின் அம்மதிப்பீடு வண்டியை வாங்கி முதல் 90 நாட்களில் உரிமையாளர் கண்ட குறைகளை மாத்திரமே கணக்கிடுவது. மூன்றாண்டு பழகிய வண்டிகளைப் பற்றி அதே நிறுவனம் அவ்வாண்டில் நடத்திய வேறோர் ஆய்வில் ஹூண்டாய் சராசரிக்குக் கீழேயே நின்றது. விளம்பரங்களில் இடம்பெற்றது முதலாவது ஆய்வே என்று சொல்லத் தேவையில்லை.

இங்கு நுகர்வோர் மதிப்பீட்டின் வரலாறு பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். கார் உரிமையாளரின் கருத்துகளைத் திரட்டி வெளியிடுவதிற் புகழ்பெற்ற அமெரிக்க 'கன்சியூமர் ரிப்போர்ட்ஸ்' சஞ்சிகை ஒரு வேலைநிறுத்தத்தின் குழந்தை. 1935இல் நுகர்வோர் ஆய்வு நிறுவனமொன்றின் ஊழியர் சங்கம் அமைத்தமைக்காகப் பழிவாங்கப்பட, வேலைநிறுத்தஞ் செய்தோர் பிரிந்து சென்று 1936இற் புதிய நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். அதன் தொடக்ககால இதழ்கள் ஒரு பண்டத்தின் தரத்தோடு அதனைச் செய்த தொழிற்சாலையின் தொழில் நிலைமைகளையும் வாசகருக்கு அறிவித்தன. ஊதியம் எவ்வளவு, சங்கம் உண்டா என்பனவும் பண்டத்தின் இயல்புகளாகவே கொள்ளப்பட்டன. நாளடைவில் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. நுகர்வோன் தனியனாக்கப்பட்டான், பண்டம் தானே தோன்றியது போலாயிற்று.

90 நாட் கணக்குக்குள் அகப்படாத குறைகள் பின்னர் வெளிப்பட்டன. தீட்டா-2 என்னும் இயந்திரத்தின் எண்ணெய் செல்லும் வழிகளில் உற்பத்தியின்போது தங்கிய உலோகத் துகள்கள் எண்ணெய் ஓட்டத்தைத் தடுத்தன. பல்லாயிரம் மைல் ஓடியபின் பேரிங்குகள் தேய்ந்து, ஓடும் வண்டி வீதியிலேயே நின்றது, சில தீப்பற்றின. 2015 செப்டெம்பரில் 470,000 வண்டிகளும், 2017இல் கியா வண்டிகளையுஞ் சேர்த்து மேலும் 1.2 மில்லியனும் மீள அழைக்கப்பட்டன. இக்குறைகள் முழுமையாக அறிவிக்கப்படவில்லை என்பதை 2016இல் வெளிக்கொணர்ந்தவர் ஹூண்டாயிலேயே நீண்டகாலம் பணியாற்றிய பொறியியலாளர். அவர் வேலைநீக்கம் செய்யப்பட்டார். 2020இல் ஹூண்டாய், கியா ஆகியவற்றுக்கு அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிருவாகம் மொத்தம் 210 மில்லியன் டொலர் தண்டம் விதித்தது. 2021இல் அப்பொறியியலாளருக்கு 24 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட வெகுமதி வழங்கப்பட்டது. இலட்சக்கணக்கான உரிமையாளரின் வினாக்கொத்துகள் கூறாததை ஓர் ஊழியரின் மனச்சாட்சி கூறியது.

திருட்டு விவகாரமும் இத்தகையதே. உரிய திறப்பு இல்லாவிடின் இயந்திரம் இயங்காதவாறு தடுக்கும் இலத்திரனியற் பூட்டு 2015ஆம் ஆண்டு மாதிரிகளில் ஏனைய நிறுவனங்களின் வண்டிகளில் 96 வீதமானவற்றில் இருந்தது; அமெரிக்காவில் விற்ற ஹூண்டாய், கியா வண்டிகளில் 26 வீதமானவற்றிலேயே இருந்தது. சட்டம் கட்டாயப்படுத்திய கனடாவில் அது பொருத்தப்பட்டது. மில்வோக்கி முதலிய நகரங்களில் 2021 முதல் இவ்வண்டிகள் பெருந்தொகையாகத் திருடப்பட்டபோது, குறைந்த விலை வகைகளை வாங்கியோரே பெரிதும் இழந்தனர்.

கொரிய உரிமையாளரின் மனக்குறை வேறு வகையானது. ஏற்றுமதிக்கு நல்ல வண்டி, உள்நாட்டுக்கு மட்டமான வண்டி என்னும் ஐயம் அங்கு ஆழ வேரூன்றியிருந்தது. அதனைக் களைய 2015 ஆகஸ்டில் இன்சொனில் உரிமையாளர் முன்னிலையில் கொரியாவிற் செய்த சொனாட்டா ஒன்றையும் அமெரிக்காவிற் செய்த சொனாட்டா ஒன்றையும் நேருக்கு நேர் மோதவிட்டுக் காட்டியது நிறுவனம். இரண்டும் ஒத்தளவிலேயே நொறுங்கின. பொறியியல் நோக்கில் இது போதிய விடையாகலாம். ஆனால் அவ்வையத்தின் வேர் காப்புச் சந்தைக் காலத்தில், தம் விலையால் பிறரின் மலிவைத் தாங்கிய மக்களின் நினைவில் இருந்தது.

உல்சானின் உள்ளேயும் இரு தரங்கள் நிலவின. ஒரே வண்டிக்கு ஒரு பக்கத்துச் சில்லை நிரந்தரத் தொழிலாளியும் மறுபக்கத்துச் சில்லை உபஒப்பந்தத் தொழிலாளியும் பூட்டுவர் என்பது கொரியாவில் வழங்கும் கூற்று. ஊதியமோ வேறு. ஈராண்டுகளுக்கு மேல் பணியாற்றிய அத்தகைய தொழிலாளி ஹூண்டாயின் ஊழியராகவே கொள்ளப்படவேண்டும் எனத் தென்கொரிய உயர் நீதிமன்றம் 2010 ஜூலையில் தீர்ப்பளித்தது. நிறுவனம் அதனை ஏனையோருக்கு விரிக்க மறுக்க, அவ்வாண்டு நவம்பரில் தொடங்கி 25 நாட்கள் முதலாம் தொழிற்சாலை கைப்பற்றப்பட்டிருந்தது. 2012 ஒக்டோபர் முதல் இரு தொழிலாளர் தொழிற்சாலைக்கு அருகே உயர் மின்கோபுரம் ஒன்றின் மீது 296 நாட்கள் தங்கிப் போராடினர்.

இவ்வுற்பத்தி முறை கொரியாவுக்கு வெளியேயும் சென்றது. தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூருக்கு அண்மையிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் சான்ட்ரோ உற்பத்தி தொடங்கிற்று. அங்குத் தொழிலாளர் 2007இல் அமைத்த சங்கத்தை நிருவாகம் ஏற்க மறுத்தமை 2009, 2010ஆம் ஆண்டு வேலைநிறுத்தங்களுக்கு இட்டுச் சென்றது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மொன்ற்கொமெரியில் 2005இல் திறக்கப்பட்ட தொழிற்சாலையிலோ தொழிற்சங்கமே இல்லை. அத்தொழிற்சாலைக்கு உலோகத் தகட்டுப் பாகங்களை வழங்கும் லூவேர்ன் நகர நிறுவனத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளையொன்று வாரத்துக்கு 50 முதல் 60 மணித்தியாலம் வரை வேலை செய்ததாகக் குற்றஞ்சாட்டி, அமெரிக்கத் தொழிற் திணைக்களம் 2024 மேயில் வழக்குத் தாக்கல் செய்தது. பாகம் வழங்கும் நிறுவனத்தோடும் ஆள் திரட்டிக் கொடுத்த நிறுவனத்தோடும் ஹூண்டாயின் அலபாமாக் கம்பனியும் பிரதிவாதியாக்கப்பட்டது. வழங்குநரின் செயலுக்குத் தான் பொறுப்பாக முடியாதென்பது ஹூண்டாயின் மறுமொழி. அப்பிள்ளைகளின் உழைப்போடு தொடர்புற்றுப் பெறப்பட்ட இலாபத்தை அவர்கள் கைவிடவேண்டும் என்பதும் திணைக்களம் நீதிமன்றின் முன் வைத்த கோரிக்கைகளுள் ஒன்றாகும்.